மகளுக்கு 'மருதி' என்று பெயர் வைக்க யோசிக்கிறேன். கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

நெடுமழை (வெள்ளவத்தை)

மகள் பிறந்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. மகம் நட்சத்திரம். சாத்திரியார் ம, மி, மு, மெ என்று எழுத்துக் குறித்துக் கொடுத்தார். அன்று பின்னேரமே குடும்ப வட்ஸ்அப்பில் பட்டியல் இறங்கிவிட்டது: மிதுர்ஷா, மதுஷிகா, மெர்ஷனா, மிருக்ஷிகா. ஒரு 'ஷ' இல்லாவிட்டால் அது பெயரே இல்லைப் போலிருக்கிறது.

என் மனதில் இருப்பது மருதி. கம்பஸில் அகநானூறு படித்த காலத்திலிருந்து இருக்கிறது. இவர் "நல்ல பேர்தான்" என்று சொல்லிவிட்டு "ஆனா..." என்று இழுக்கிறார். மாமி இழுக்கவில்லை. "தோட்டத்துப் பேர் மாதிரிக் கிடக்கு" என்று, மலையகத் தேயிலைத் தோட்டத்து ஆட்களின் பேராக்கி, ஒரே போடாகப் போட்டுவிட்டா. லண்டனில் இருக்கிற அக்கா, மாருதி கார் ஒன்றின் படத்தை அனுப்பிவிட்டுச் சிரிக்கிறாள்.

பெயரின் பொருள் எனக்குத் தெரியும். தெரியாதது, கொழும்பில் வளரப்போகிற ஒரு பிள்ளையை இந்தப் பெயரால் கூப்பிட்டால் கேட்கிறவர் காதில் அது எப்படி விழும் என்பது. முகத்துக்காகச் சொல்லாமல், உள்ளபடி சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனையான்

உள்ளபடி கேட்டதால் சொல்கிறேன். முதலில் காதில் விழுந்தது "மறதி". வீட்டுப்பாடம் கொண்டு போகாத அன்று வகுப்பில் டீச்சரே அதைச் சொல்லிவிடுவா. இரண்டாவது, மருதானை ஸ்டேஷன். "மருதி, மருதானையில இறங்கு" என்று ஸ்கூல் வேனில் ஒருவன் ஆரம்பித்தால் ஏ/எல் முடியும்வரை விடமாட்டான். மூன்றாவது, தோலில் வருகிற மரு.

ஆனால் ஒன்று. என் உண்மையான பெயரை வைத்து என்னையும் படுத்தாத பாடில்லை, அது ஊரெல்லாம் இருக்கிற பெயர்தான். படுத்துகிறவனுக்குப் பெயர் ஒரு சாட்டு.

மானிப்பாய் மாஸ்டர்

தங்கச்சி, நல்ல பெயர் எடுத்திருக்கிறீர்கள். நீங்கள் படித்ததுதான் என்றாலும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

மருதம் ஆற்றங்கரையில் வளர்கிற மரம். வயலும் வயல் சார்ந்த நிலமும் அந்த மரத்தின் பெயரையே பெற்றன. மருதன் ஆண்பால், மருதி பெண்பால். தோழன், தோழி போல. சங்கப் புலவர்களில் மருதன் இளநாகனார் என்றே ஒருவர் இருக்கிறார். ஆகவே இது யாரோ புதிதாகக் கட்டிய பெயரல்ல.

அகநானூறு 222, பரணர் பாட்டு. கழார்ப் பெருந்துறையில் நீராட்டு விழா. ஆட்டனத்தி என்ற அழகன் நீரில் ஆடுகிறான், காவிரி அவனை வவ்விக்கொண்டு போகிறது. அவனுடைய ஆதிமந்தி திசையெல்லாம் தேடி அறிவு கலங்கி அலைகிறாள். அப்போது வருகிறாள் மருதி:

"ஆதிமந்தி காதலற் காட்டிப்
படுகடல் புக்க பாடல்சால் சிறப்பின்
மருதி"

இவ்வளவுதான் அவள் கதை. காணாமல் போனவனை ஆதிமந்திக்குக் காட்டினாள், கடலுக்குள் போனாள். அவள் யார், ஏன் போனாள் என்று பரணர் சொல்லவில்லை. கேட்பவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டிருப்பார்.

மாருதி வேறு. அது மருத் என்ற காற்றிலிருந்து வந்த வடசொல், வாயு மைந்தனான அனுமானுக்கு ஆகும். ஆணுக்கும் வைப்பார்கள், வார இதழ்களில் படம் போட்ட ஓவியர் மாருதியை நினைவிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கால்தான் வித்தியாசம். அதிலும் ஒரு கூத்து: எங்கள் பக்கம் மருதனார்மடம் என்று ஒரு சந்தி உண்டு, பெயரோ மருதனுடையது, அங்கே கோயில் கொண்டிருப்பவரோ ஆஞ்சநேயர். மருதனும் மாருதியும் ஒரே சந்தியில் பகையில்லாமல் இருக்கிறார்கள்.

எண்_ஜோதி

ஆங்கில எழுத்துப்படி பார்த்தேன். எம் 4, ஏ 1, ஆர் 2, யூ 6, டி 4, எச் 5, ஐ 1. கூட்டினால் 23, கூட்டெண் 5. மிக நல்ல எண். நெடில் ஒலிக்கட்டும் என்று யாராவது இன்னொரு ஏ சேர்க்கச் சொன்னால் கேட்காதீர்கள், 24 ஆகிப் பலன் மாறிவிடும்.

கொட்டாஞ்சேனையான்

ஜோதி அண்ணை, பரணர் எம்முக்கு எத்தனை போட்டார்?

எண்_ஜோதி

தம்பி, நீங்கள் நம்பவேண்டாம். ஆனால் இன்னொரு ஏ சேர்த்தால் மாருதி ஆகிவிடும் என்பதையாவது ஒத்துக்கொள்ளுங்கள். எண்ணும் மாஸ்டரும் ஒரே இடத்துக்குத்தானே வந்து சேர்கிறோம்.

வெயில் (தெகிவளை)

அபூர்வமான பெயரோடு முப்பது வயது தாண்டியவள் என்ற தகுதியில் எழுதுகிறேன். என் பெயர் ஔவை. அப்பா தமிழ் வாத்தியார், வேறென்ன எதிர்பார்க்கலாம்.

சின்ன வயதில் "ஔவைப் பாட்டி, சுட்ட பழமா சுடாத பழமா" என்று கேட்காத வாண்டு இல்லை. ஆறாம் வகுப்பில் பெயரை மாற்றச் சொல்லி அழுதேன். அப்பா அசையவில்லை. பிறகு வேலைக்குப் போனேன். எங்கள் ஆபீஸில் பெரும்பாலும் சிங்களவர். அவர்கள் வாயில் நான் "அவ்வ" ஆனேன். சிங்களத்தில் அது வெயில். மழைக்காலத்தில் நான் உள்ளே நுழைந்தால் "அவ்வ ஆவா" என்று ஒருவர் சொல்வார், வெயில் வந்துவிட்டதாம். அந்தப் பெயர்தான் இந்தத் தளத்திலும் ஒட்டிக்கொண்டது.

சொல்ல வந்தது, கொழும்பில் ஒரு தமிழ்ப் பெயருக்கு நாம் வைக்கிற பொருள் பாதி. மீதியைப் பக்கத்து மேசைக்காரர் வைப்பார். மருதிக்கு அவர்கள் என்ன வைப்பார்கள் என்று யோசித்தேன். 'மரு'வில் தொடங்குகிறது. சிங்களம் நன்றாகத் தெரிந்த யாராவது சொல்லுங்கள்.

முத்திரை (புறக்கோட்டை)

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்கிறேன், அதனால் இது என் துறை.

சிங்களத்தில் 'மரு' என்றால் அகராதிப்படி மரணம், யமன். 'மருவா' என்றால் காலன், கொல்கிறவன். பயப்படவேண்டாம். இளந்தாரிகள் வாயில் அதே 'மரு' என்பது 'பிரமாதம்' என்ற அர்த்தத்தில்தான் புழங்குகிறது. நல்ல கொத்து சாப்பிட்டாலும் மரு, கிரிக்கெட்டில் சிக்சர் பறந்தாலும் மரு. உங்கள் மகளின் சிங்களத் தோழிகள் அவளை 'மரு' என்று சுருக்கினால் அது கொண்டாட்டமான சுருக்கம். கிழவிகள் யாராவது புருவத்தைத் தூக்கலாம்.

எழுத்துச் சிக்கல் வேறு. தமிழில் தகரம் ஒன்று, நடுவில் வந்தால் தானாக மெலிந்து ஒலிக்கும். சிங்களத்தில் வலித்து ஒலிக்க ஒரு எழுத்து, மெலிந்து ஒலிக்க இன்னொரு எழுத்து. பதிவு செய்கிறவர் வழக்கப்படி வல்லெழுத்தைப் போட்டால் சிங்களவர் 'மருத்தி' என்பதுபோல் வாசிப்பார்கள். நாம் கூப்பிடுகிற மாதிரியே வரவேண்டுமென்றால் மெல்லெழுத்தைக் கேட்டு வாங்கவேண்டும். இதை யாரும் கேட்பதில்லை. பிறகு பிள்ளை பெரியவளாகி அடையாள அட்டை எடுக்கிறபோதுதான் "இது என்ட பேரே இல்லை" என்று என்னிடம் வருகிறார்கள்.

3 மாதத்துக்குள் பதிந்துவிடுங்கள், அதற்குப் பிறகு அலைச்சல். பெயரைப் பின்னால் மாற்றலாம். 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 27ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் மாற்றலாம்தானே என்று நினைத்து வைக்கிற பெயர் வேண்டாம்.

தாமரைத்தடாகம்

மன்னிக்கவும், எல்லோரும் சத்தத்தையே பேசுகிறீர்கள். கதையைப் பாருங்கள். மருதி ஆட்டனத்தியைக் காதலித்தவள், இன்னொருத்தியின் கணவனைத் தன்னோடு வைத்திருந்து பிறகு திருப்பிக் கொடுத்தவள் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். போதாக்குறைக்கு மருதத் திணையின் உரிப்பொருளே ஊடல், பரத்தையிடம் போய் வந்த கணவனோடு சண்டை. பெண் பிள்ளைக்கு இதுவா பெயர்?

மானிப்பாய் மாஸ்டர்

நீங்கள் கேள்விப்பட்டது பிற்காலத்தில் கதை செய்தவர்கள் கட்டிய சங்கதி. மேலே தந்திருப்பதுதான் பாட்டு. காதலித்தாள் என்று ஒரு சொல் அதில் உண்டா? "காதலன்" என்ற சொல் ஆதிமந்தியோடு சேர்ந்து வருகிறது. மருதிக்குப் பரணர் கொடுப்பது "பாடல்சால் சிறப்பு", பாடத்தக்க பெருமை. அதோடு நில்லாமல், "மருதி அன்ன மாண்புகழ்" கிடைக்கட்டும் என்று அந்தப் பாட்டிலேயே ஆசை சொல்லப்படுகிறது. அந்தப் பாட்டில் இது ஆசைப்பட்டுச் சொல்லப்படுகிற பெயர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிலப்பதிகாரத்தில் வஞ்சின மாலையில் கண்ணகி பத்தினிப் பெண்களை வரிசையாகச் சொல்லும்போது இதே கதை வருகிறது. கரிகாலன் மகள், கணவனைப் புனல் கொண்டுபோக, பின்னாலேயே ஓடிக் கூப்பிடுகிறாள். கடலே வந்து அவனை முன்னால் நிறுத்திக் காட்டுகிறது. அவள் அவனைத் தழுவிக்கொண்டு பொன்கொடி போலத் திரும்புகிறாள். அங்கே மருதியே இல்லை! பரணர் பாட்டில் மருதி செய்த வேலையை இளங்கோ கடலிடம் கொடுத்துவிட்டார். பத்தினியின் பெருமை சொல்ல வந்த இடத்தில் இடையில் இன்னொரு பெண் எதற்கு என்று நினைத்திருக்கலாம், இது என் ஊகம்.

மருதத்துக்கு ஊடல் உரிப்பொருள் என்பதற்காக நெல்வயலை வேண்டாம் என்பீர்களா? முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல். முல்லை என்று எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் எல்லோரும் வாசலில் காத்துக்கொண்டா இருக்கிறார்கள்?

பாவுநூல்

எங்கள் ஊர் மருதமுனை. கொழும்பில் கடை. மருதி என்றதும் எனக்குக் காரும் வரவில்லை, குரங்கும் வரவில்லை. எங்கட ஊர்ப் பெயரைப் பாதியில் வெட்டினமாதிரி இருந்தது. தறிச்சத்தம் கேட்டது. மருதமுனைச் சாரன் உடுத்தவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் சாய்ந்தமருது. சாய்ந்து நின்ற ஒரு மருத மரத்தால் வந்த பெயர் என்று சொல்வார்கள். இந்தக் கரையில் மருது என்பது ஊர்ப்பெயர், ஆள்பெயராக நாங்கள் வைப்பதில்லை.

பெயர் அழகு. ஆனால் மாஸ்டர் சொன்ன கதையில் "படுகடல் புக்க" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரையில் கடலுக்குள் போன பெண் என்பது கதை இல்லை, சாச்சி, மாமி, தங்கச்சி. உங்கள் மகளுக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் என்றால் உம்மா விடமாட்டா.

நெடுமழை

பாவுநூல் நானா, இதை நான் யோசிக்கவே இல்லை. எழுதியதற்கு நன்றி.

57ஆம் ஒழுங்கை

நான் வேறொரு காலத்து ஆள். 83க்குப் பிறகு கொழும்பிலே பிள்ளை பெற்றவர்கள் பெயர் வைத்த விதம் உங்களில் சிலருக்கு விளங்காது. என்ன பொருள் என்று பார்க்கவில்லை, சோதனைச்சாவடியில் எப்படிக் கேட்கும் என்று பார்த்தோம். நிரோஷன், ரொஷான், டிலானி, நிரோஷா. சிங்களவரும் வைப்பார்கள், நாமும் வைப்போம். ஐசியை, அதாவது அடையாள அட்டையை, நீட்டினால் முதல் பெயரைப் பார்த்து ஒரு நொடி தயங்கினால் போதும், அந்த ஒரு நொடிக்காக வைத்த பெயர்கள். அப்பாவின் பெயர் கீழே வரும்போது குட்டு வெளிப்பட்டுவிடும், அது வேறு கதை. பொலிஸ் பதிவுப் பத்திரத்தில் வீட்டில் இருக்கிற எல்லார் பெயரும் இருக்கவேண்டும். அதை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்த காலம்.

அப்போது தனித்தமிழ்ப் பெயர் என்றாலே ஒரு சந்தேகம். வன்னியில் அப்படியான பெயர்களை வையுங்கள் என்று ஊக்கினார்கள், இயக்கத்துப் பெயர்களும் அப்படித்தான் இருந்தன. அதனால் இனியாள், யாழ்மொழி என்று ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால் "எந்த இடம்?" என்று தமிழரே மெதுவாய்க் கேட்பார்கள்.

என் மகள் இப்போது தன் பிள்ளைக்கு யாழினி என்று வைத்திருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வெள்ளவத்தைச் சந்தையிலே அந்தப் பெயரைச் சத்தமாய்க் கூப்பிட எனக்கு இன்னும் வாய் வராது. மருதி பரவாயில்லை. அது எந்தப் பக்கத்துப் பெயர் என்று சட்டென்று யாராலும் சொல்லமுடியாது.

தேயிலைக்கொழுந்து

எழுதலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். முதல் பதிவுல "தோட்டத்துப் பேர் மாதிரிக் கிடக்கு"ன்னு ஒரு வரி இருக்கு. இத்தனை பேரு எழுதிட்டீங்க. கார், ஸ்டேஷன், சிங்களம், நம்பர் எல்லாம் பேசியாச்சு. அந்த வரிய மட்டும் எல்லாரும் சுத்திப் போயிட்டீங்க.

எங்க அம்மாயி பேரு மருதாயி. டிக்கோயா பக்கம் தோட்டம். விடியக்காலம் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்துல கணக்கப்புள்ளை பேர்ப் பட்டியல், அதான் செக்ரோல விரிச்சு "மருதாயீ"ன்னு இழுத்துக் கூப்புடுவாராம். அவங்க லயத்து வரிசை வீடுகள்லயே இன்னொரு மருதாயி, ஒரு மருதம்மா, மேட்டு லயத்துல மருதமுத்து, மருதவீரன். அந்தப் பேருங்க கப்பல்ல வந்தப்ப கூட வந்தது. ஆத்தங்கரை மரத்தோட பேரு மலை உச்சிக்கு எப்புடி வந்துச்சுன்னு யாரும் கேக்கல.

1948ல பிரஜாவுரிமை போச்சு. 1964ல சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தப்ப யாரு இங்க, யாரு இந்தியாவுலன்னு பிரிச்சாங்க. விண்ணப்பத்துல பேரு எழுதினது அவங்க இல்ல, வேற யாரோ. ஒரு கடுதாசில மருதாயி, ஒண்ணுல மருதை, இன்னொண்ணுல மாரியாயி. மூணும் ஒரே ஆளுன்னு நிரூபிக்க எங்க தாத்தா ஏறாத கந்தோர் இல்ல. 2003 பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எல்லாத்துக்கும் ஒரு முடிவு கெடைச்சப்ப அம்மாயி உயிரோட இல்ல.

எங்க அம்மா பேரு ராஜேஸ்வரி. என் பேர்ல ரெண்டு 'ஷ' இருக்கு. ஏன்னு புரியுதா? மருதாயின்னு சொன்னா எந்த ஊருன்னு தெரிஞ்சிரும், அதான். கொழும்புக்கு வேலைக்கு வந்தவங்க முதல்ல மாத்துனது பேச்ச, அப்புறம் பிள்ளைங்க பேர.

மருதாயியும் மருதியும் ஒரே மரம்தானே? பரணர் சொன்னா இலக்கியம், பிரட்டுல கூப்புட்டா தோட்டத்துப் பேரா? நெடுமழை அக்கா மேல கோவமில்ல, அவங்க உள்ளத ஒளிக்காம எழுதுனாங்க. ஆனா மாமிகிட்ட சொல்லுங்க. தோட்டத்துப் பேர்தான். நல்ல பேரு.

வெயில்

கொழுந்து, இதை நீங்கள் எழுதியிருக்காவிட்டால் இந்த இழை வெறும் அகராதியாய்ப் போயிருக்கும்.

தாமரைத்தடாகம்

ஆனால் ஒரு தாய் யதார்த்தத்தையும் பார்க்கவேண்டும் அல்லவா. நாளைக்குக் கலியாணம் பேசும்போது...

கொட்டாஞ்சேனையான்

பிள்ளைக்கு ஒரு மாசம். இன்னும் கழுத்தே நிக்கேல்ல, அதுக்குள்ள கலியாணமா?

நெறியாளர்

ஊர், சாதி பற்றிய நான்கு பதிவுகள் நீக்கப்பட்டன. பெயரைப் பற்றிப் பேசுங்கள்.

பசுமைநடை (நுகேகொடை)

சண்டைக்கு நடுவே மரத்தை மறந்துவிட்டீர்கள். மருத மரம்தான் சிங்களத்தில் கும்புக். ஆற்றோரம், குளத்தோரம், ஓயாக்கரை எங்கும் நிற்கும். 20, 25 மீற்றர் வரை உயரும். சாம்பல் வெள்ளையாய் வழவழப்பான தண்டு, பட்டை செதில் செதிலாய் உரியும், வேர் கரையைக் கவ்விக்கொண்டிருக்கும். வடமொழியில் அருச்சுனம், அதுவே தாவரவியல் பெயரிலும் ஏறிவிட்டது. மருதம்பட்டையைச் சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் இதயத்துக்குக் கொடுப்பார்கள். திருவிடைமருதூருக்குத் தலமரமும் அதுதான்.

கும்புக் என்ற சொல்லில் மருதம் தெரியாது. ஆனால் பூமருது என்று நாம் சொல்கிற ஊதாப்பூ மரம் இருக்கிறதே, அதைச் சிங்களத்தில் 'முருத' என்பார்கள். கொழும்பு வீதியோரங்களில் சித்திரை வைகாசியில் பூத்துக் கொட்டும். சிங்களத் தோழி யாராவது "மருதி என்றால் என்ன?" என்று கேட்டால், யமனில் தொடங்க முன்னம் முருத பூவைக் காட்டச் சொல்லுங்கள். கிட்டத்தட்டப் பொருந்தும், சின்னப் பிள்ளைகளுக்கு அது போதும்.

மானிப்பாய் மாஸ்டர்

கொழுந்துப் பிள்ளை எழுதியதற்கு ஒரு வரி. எங்கள் ஊரில் மருதடிப் பிள்ளையார் இருக்கிறார். அந்தக் கோயிலடியில் வளர்ந்தவன் நான். எங்கள் வீதியிலும் மருதப்பு, மருதர் என்று ஆட்கள் இருந்தார்கள். 'தோட்டத்துப் பேர்' என்று சொல்கிற எங்கள் ஆட்களின் பூட்டிமார் பெயரைத் தோண்டிப் பாருங்கள்: சின்னாச்சி, நாகமுத்து, அன்னப்பிள்ளை, இளையபிள்ளை. அவற்றை மலைநாட்டில் கேட்டால் தோட்டத்துப் பெயர், மானிப்பாயில் கேட்டால் ஆச்சி பெயர். இந்த இரண்டு தலைமுறைக்குள் நாங்கள்தான் மாறிப்போனோம்.

நெடுமழை

எல்லாவற்றையும் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். கொழுந்து தங்கச்சியின் பதிவை வாசிக்கும்போது ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தா. முடிந்ததும், "நான் அப்பிடி நினைச்சுச் சொல்லேல்ல" என்றா. நான், "எப்பிடி நினைச்சனீங்கள் மாமி?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. இரவு சாப்பிடும்போது தானாகவே, தன்னுடைய அம்மம்மாவின் பெயர் நாகமுத்து என்றும், பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்ல வெட்கப்பட்டதாகவும் சொன்னா. இவருக்கே இது புதுச் செய்தி.

கடல் விஷயம் பற்றி நானும் இவரும் நிறையக் கதைத்தோம். பாவுநூல் நானா சொன்னது மனதில் கிடக்கிறது. கடைசியில் இப்படி யோசித்தேன்: கண்ணகி, சீதை, யாருடைய கதை சுகமாய் முடிந்தது? சுகமாய் முடிந்த பெண்களின் பெயர்களை மட்டும்தான் வைப்பதென்றால் எங்கள் இலக்கியத்தில் ஒன்றும் மிஞ்சாது. கடலுக்குள் போனது எனக்கும் நோகிறது. ஆனால் திசையெல்லாம் தேடி அலைகிற ஒருத்திக்கு "இந்தா, இருக்கிறான்" என்று காட்டிக்கொடுத்தவள் அவள். அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

மருதி என்றே பதியப்போகிறோம். ஜோதி அண்ணை சந்தோஷப்படட்டும், ஏ ஒன்றுதான். எண்ணுக்காக அல்ல.

எண்_ஜோதி

23 எண்ணாகவே இருக்கிறது என்பதுதான் முக்கியம். காரணம் உங்களுடையதாக இருக்கட்டும்.

தேயிலைக்கொழுந்து

அக்கா, ரொம்ப சந்தோஷம். எங்க அம்மாகிட்ட சொன்னேன். "கொழும்புல ஒரு டீச்சர் பிள்ளைக்கு அம்மாயி பேரா?"ன்னு திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. நீங்க டீச்சரான்னு எனக்குத் தெரியாது. அவங்க மனசுல அப்புடித்தான் பதிஞ்சிருக்கு, விட்டுட்டேன்.

பாவுநூல்

அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுப்பானாக. பிள்ளைக்கு ஊஞ்சல் சேலைக்குத் துணி தேவையென்றால் தனிமடலில் விலாசம் போடுங்கள். மருதமுனைத் தறியில் நெய்தது. காசு என்ற பேச்சு வேண்டாம்.

முத்திரை

கடைசியாக என் தொழில் புத்திமதி. பதியப் போகும்போது பெயரைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொட்டையெழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொல்லாதீர்கள். சிங்களத்தில் மெல்லெழுத்துத் தகரம், ரகரத்தில் குறில் உகரம், மகரத்துக்குப் பக்கத்தில் கால் கிடையாது. பத்திரம் கையில் வந்ததும் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். அங்கேயே நின்று பெயரை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். பின்னால் வரிசையில் நிற்கிறவர் உஸ் என்று மூச்சு விடுவார், விடட்டும். ஒரு கால் கூடியிருந்தால் அப்போதே சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. விட்டுவிட்டால் பாஸ்போர்ட் எடுக்கிற வருஷம் என்னிடம் வருவீர்கள், நான் காசு வாங்குவேன்.